நகை முதல்ல எதுக்கு வந்துச்சு? அழகுக்கா, சேமிப்புக்கா, இல்ல வேற எதுக்காவதா?

வெண்சங்கு:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற விஷயம் இது, இங்க வரலாறு படிக்கிறவங்களும் இருக்காங்க பட்டறை வேலை தெரிஞ்சவங்களும் இருக்காங்க, அதான் இங்கயே இழை தொடங்கறேன். நகைன்னு பேச்செடுத்தாலே ஒண்ணு ஆடம்பரம்னு திட்டறாங்க, இல்லைன்னா முதலீடுன்னு கணக்கு போடறாங்க. ரெண்டுமே பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுன்னுதான் எனக்குத் தோணுது.

மனுஷன் விதை விதைக்கறதுக்கு முன்னாடி, பானை வனையறதுக்கு முன்னாடியே மணி கோத்துப் போட்டிருக்கான். மொராக்கோவுல பிஸ்மூன் குகையில கிடைச்ச 33 மணிங்க பத்தி 2021ல ஆய்வு வெளியாச்சு, வயசு 1,42,000 வருஷத்துலேர்ந்து 1,50,000 வருஷம்னு சொல்றாங்க. எல்லாமே நகக்கண் சைஸ் கடல் நத்தை ஓடு. அதே நாட்டுல தஃபோரால்ட் குகையில 82,000 வருஷம் பழசான மணிங்க இருக்கு, சிலதுல செங்காவி ஒட்டிட்டு இருக்கு, அந்தக் குகையிலேர்ந்து கடல் 40 கிலோமீட்டர். யாரோ அதை மெனக்கெட்டு கொண்டு வந்திருக்காங்க, இல்ல கைமாறி கைமாறி வந்திருக்கு.

என் கருத்து இதுதான். முப்பது பேர் சேர்ந்து வாழற கூட்டத்துக்குள்ள நகை தேவையே இல்ல, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எதிரியும் இல்லாத, சொந்தமும் இல்லாத ஒரு ஆளை வழியில பாக்கும்போதுதான் தேவைப்படுது. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் எந்தக் கூட்டம், கல்யாணம் ஆனவளா, பெரிய மனுஷனான்னு தூரத்துலேர்ந்தே தெரியணும். நகையோட முதல் வேலை அதுதான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

இரவுப்பறவை:
கொஞ்சம் ஓவரா யோசிக்கிறீங்களோன்னு தோணுது நண்பரே. பளபளன்னு இருந்துச்சு, பிடிச்சிருந்துச்சு, எடுத்து மாட்டிக்கிட்டான், அவ்ளோதானே? ஆஸ்திரேலியாவுல ஒரு வகை பறவை நீலக் கலர் பொருளா தேடித்தேடி பொறுக்கி கூடு முன்னாடி பரப்பி வைக்குது. அதுக்கு கூட்டம், சாதி, அந்தஸ்து எல்லாம் தெரியுமா? அழகை ரசிக்கறதே ஒரு காரணம்தானே, அதை ஏன் ரெண்டாம் இடத்துக்குத் தள்ளணும்?

வெண்சங்கு:
அழகைத் தள்ளலை ப்ரோ. ஆனா சும்மா பிடிச்சதைப் பொறுக்கினா விதவிதமா இருக்கணும்ல, கலர் கல்லு, இறகு, பல்லு, கிளிஞ்சல்னு கலந்து கிடக்கணும். அப்படி இல்ல. வட ஆப்பிரிக்கா, இஸ்ரேல் பக்கம், தென்னாப்பிரிக்கா எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே குடும்பத்து நத்தை ஓடுதான் திரும்பத் திரும்ப வருது, பல்லாயிரம் வருஷமா. ஆயிரம் தலைமுறை ஒரே பொருளை விடாம எடுக்குதுன்னா அது தனியாளோட ஆசை இல்ல, எல்லாருக்கும் புரியற குறி. அந்தப் பறவைகூட நீலத்தை சும்மா சேக்கலையே, ஜோடி வந்து பாக்கறதுக்குத்தான் பரப்பி வைக்குது. பாக்க ஒரு ஆள் வேணும்ங்கறது அங்கயும் இருக்கு!

உலைக்களம்:
நான் பட்டறையில உக்காந்து வேலை பாக்கற ஆளு, அகழாய்வு எல்லாம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா இதுல ஒரு விஷயம் என் கைக்கு நல்லாத் தெரியும்.

ரிப்பேருக்கு மோதிரம் வந்தா முதல்ல நான் பாக்கறது கல்லை இல்ல, உள்ளங்கைப் பக்கம் இருக்கற பட்டையைத்தான். இருவது முப்பது வருஷம் போட்ட மோதிரம் அங்க மட்டும் காகிதம் மாதிரி தேஞ்சிருக்கும், மேல்பக்கம் கனமாவே இருக்கும். சங்கிலின்னா வளையமும் வளையமும் உரசற இடத்துல பள்ளம் விழுந்திருக்கும். பெட்டியில வச்ச நகையா, உடம்புலேயே கிடந்த நகையான்னு தேய்மானத்தைப் பாத்தே சொல்லிடலாம்.

தென்னாப்பிரிக்காவுல ப்ளோம்போஸ் குகை மணிங்களை இதே முறையிலதான் பாத்திருக்காங்க. வயசு சுமார் 75,000 வருஷம். ஓட்டை ஓரத்துல கயிறு உரசின வழவழப்பு, ஓடும் ஓடும் இடிச்ச இடத்துல தட்டையான தேய்மானம், எல்லாத்தையும் மைக்ராஸ்கோப்ல பாத்து, புது ஓட்டைக் கோத்து அதே மாதிரி தேயுதான்னு ஒப்பிட்டும் பாத்திருக்காங்க. அதுல தெரிஞ்சது என்னன்னா கீழடுக்குல (அதாவது பழைய காலத்துல) ஓடுங்க கயித்துல சும்மா தொங்கற மாதிரி, பளபளப்பான பக்கம் ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி கோத்திருக்காங்க, மேலடுக்குக்கு வரும்போது ரெண்டு ரெண்டா சேத்து முடிச்சு போட்டு பளபளப்பான பக்கம் வெளிய தெரியற மாதிரி மாத்திட்டாங்க. அதே குகை, அதே நத்தை ஓடு, கோக்கற விதம் மட்டும் மாறியிருக்கு. டிசைன் மாத்தியிருக்காங்க சார்! இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேலையே ஓடலை.

நீலக்கல்:
உலைக்களம் அண்ணா சொன்னது அருமை, அதோட இதையும் சேத்துக்கோங்க. ஆப்பிரிக்காவுல நெருப்புக்கோழி முட்டை ஓட்டுல செஞ்ச மணி 1,500க்கு மேல, 31 இடத்துலேர்ந்து எடுத்து அளந்து 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு. கிழக்கு ஆப்பிரிக்கா, தெற்கு ஆப்பிரிக்கா ரெண்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், ஆனா 50,000 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மணி கிட்டத்தட்ட ஒரே சைஸ் ஒரே பாணி. 33,000 வருஷம் கிட்ட வரும்போது அந்த ஒத்துமை அறுந்து போகுது, மழைப்போக்கு மாறினதால நடுவுல ஆள் நடமாட்டம் குறைஞ்சிருக்கும்னு சொல்றாங்க. நத்தை ஓடு கடல் கொடுத்த வடிவம், ஆனா முட்டை ஓட்டை உடைச்சு, துளை போட்டு, விளிம்பைத் தேய்ச்சு உருட்டணும், வடிவம் முழுக்க மனுஷன் முடிவு பண்றது. அதனால பாணி ஒத்துப்போச்சுன்னா ஆளுங்க ஒருத்தரையொருத்தர் பாத்திருக்காங்கன்னு அர்த்தம்.

கணக்கன்:
எல்லாம் சரிங்க, ஆனா சேமிப்பை இவ்ளோ லேசா ஒதுக்கறது நியாயம் இல்ல. உலோகம் வந்த பிறகு நகைங்கறதே உடம்புல கட்டின பொக்கிஷம். வைக்கிங் ஆளுங்க வெள்ளிக் காப்பு போட்டாங்க, சந்தையில தேவைன்னா அதுலயே ஒரு துண்டை வெட்டி எடை போட்டுக் கொடுத்துட்டு வந்தாங்க, அப்படி வெட்டின துண்டுங்க புதையல் புதையலா கிடைச்சிருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல மனில்லான்னு குதிரை லாட வடிவத்துல செம்பு, பித்தளைக் காப்பு, அது பணமாவே ஓடிச்சு, நைஜீரியாவுல 1948லதான் ஆங்கிலேய அரசு அதை வாபஸ் வாங்குச்சு. 1918ல ரஷ்ய ஜார் குடும்பத்துப் பொண்ணுங்க வைரத்தை உள்சட்டைக்குள்ள வச்சுத் தச்சுக்கிட்டாங்க. எதுக்கு? அழகுக்கா? தப்பிச்சுப் போனா பிழைக்கணுமே, அதுக்கு. வீடு, நிலம், மாடு எதையும் தூக்கிட்டு ஓட முடியாது, நகையை முடியும். குறி, அடையாளம்னு பேசறதெல்லாம் வயிறு நிறைஞ்சவங்க பேசற பேச்சுன்னு எனக்குப் படுது.

மணிகோர்ப்பவள்:
கணக்கன் சார், அந்த மனில்லாவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதைச் சொல்லாம கடந்து போக என்னால முடியல. போர்ச்சுக்கீசியர் தொடங்கி ஐரோப்பிய வியாபாரிங்க அதை கப்பல் கப்பலா வார்த்துக் கொண்டு வந்து கொடுத்து ஆளுங்களை விலைக்கு வாங்கியிருக்காங்க. கையில போடற காப்பு வடிவத்துல இருக்கற பொருளைக் கொடுத்து இன்னொருத்தர் கையில விலங்கு பூட்டியிருக்காங்க. சேமிப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட முடியாது.

இரவுப்பறவை:
ஆமாக்கா, அது தெரியாம இருந்துச்சு. நன்றி.

சரி ஒரு சந்தேகம். தங்கம்தான் உசத்தின்னு எப்போ, யாரு முடிவு பண்ணாங்க? ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தானா?

நீலக்கல்:
இல்லவே இல்ல. பெரிய அளவுல தங்க நகை முதல்ல கிடைச்ச இடம் பல்கேரியாவுல வர்னா, 1972ல தற்செயலா கண்டுபிடிச்ச இடுகாடு, கி.மு. 4600லேர்ந்து 4300க்குள்ள. மொத்தம் 6 கிலோ சுமார் தங்கம். அங்க 43ன்னு நம்பர் போட்ட குழியில ஒரே ஆளுக்கு ஒண்ணரை கிலோ, பக்கத்துல நிறைய குழியில ஒண்ணுமே இல்ல. என்னை உலுக்கினது வேற, சில குழியில ஆளே இல்ல! உடம்பு வைக்காத குழியில தங்கத்தைப் பரப்பியிருக்காங்க, சிலதுல களிமண்ல முகம் செஞ்சு கண்ணு, வாய் இருக்கற இடத்துல தங்கத்தை வச்சிருக்காங்க.

ஆனா எல்லா ஊர்லயும் தங்கம் முதலிடம் இல்ல. மெக்சிகோ பக்கம் ஆஸ்டெக், மாயா மக்களுக்கு பச்சை ஜேட் கல்லும் கெட்ஸால் பறவையோட பச்சை இறகும் தங்கத்தை விட உசத்தி. பழைய சீனாவுலயும் ஜேட்தான், 1968ல மான்செங்ல திறந்த கல்லறையில இளவரசர் லியூ ஷெங் உடம்பு முழுக்க 2,498 ஜேட் துண்டால ஆன கவசம், தங்கம் அங்க வெறும் தைக்கிற கம்பி.

எகிப்துல ஜெர்ஸேங்கற இடத்துல 1911ல கிடைச்ச 9 இரும்பு மணி இன்னும் விசேஷம். கி.மு. 3200 வாக்குல பூமியிலேர்ந்து இரும்பு உருக்கற தொழிலே கிடையாது, வானத்துலேர்ந்து விழுந்த விண்கல் இரும்பை மெல்லிசா தட்டி, தகட்டை குழாயா உருட்டி மணி பண்ணியிருக்காங்க. தங்கம், நீலக்கல், இதோட ஒரே சரத்துல இரும்பு! பின்னாடி இரும்பு எல்லா உலையிலயும் வர ஆரம்பிச்சதும் அந்த மரியாதை போயிடுச்சு.

அலுமினியமும் அப்படித்தான். 1850, 60கள்ல பிரான்சுல அலுமினிய நகை அரண்மனைச் சாமான், 1886ல மின்சாரத்துல பிரிக்கற முறை வந்த பிறகு சட்டி பானை ஆயிடுச்சு. முத்து பாருங்க, 1917ல நியூயார்க்ல கார்ட்டியே கம்பெனி ஒரு மாளிகையை ரெண்டு சரம் இயற்கை முத்து மாலையும் 100 டாலரும் கொடுத்து வாங்கினாங்க, அந்த மாலை மதிப்பு அப்போ 10 லட்சம் டாலர். ஜப்பான்ல மிகிமோட்டோ தொடங்கி வச்ச வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் இயற்கை முத்து விலை சரிஞ்சு, வளைகுடாவுல முத்துக் குளிக்கிற தொழிலே 1930கள்ல படுத்துடுச்சு. கணக்கன் சார் சொல்ற பொக்கிஷம் எவ்ளோ சீக்கிரம் கரையும்னு இதுல தெரியுதுல்ல?

கணக்கன்:
முத்து கரைஞ்சுது, சரி. தங்கம் கரையலையே?

உலைக்களம்:
தங்கத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு சார், வெறும் மரபு இல்ல. துரு பிடிக்காது, கறுக்காது. ஆத்து மணல்ல சுத்தமாவே கிடைக்கும், உருக்கிப் பிரிக்கிற தொழில் தெரியாதவன்கூட தட்டி தகடாக்கலாம். இங்கிலாந்துல ஸ்நெட்டிஷாம்ல 1950ல கிடைச்ச கழுத்து வளையம் ஒண்ணு இருக்கு, ரெண்டாயிரம் வருஷம் பழசு, ஒரு கிலோவுக்கு மேல எடை. 64 கம்பி, ஒவ்வொண்ணும் 2 மில்லிமீட்டர் கூட இல்ல, எட்டு எட்டா முறுக்கி, அந்த எட்டு முறுக்கையும் மறுபடி சேத்து முறுக்கி, ரெண்டு முனையிலயும் கனமான வளையம் வார்த்திருக்காங்க. முறுக்கும்போது கம்பி இறுகும், இறுகினதை நெருப்புல காட்டி இளக்கலைன்னா ஒடியும், 64ல ஒண்ணு ஒடிஞ்சாலும் வெளிய தெரியும். ஒண்ணு கூட ஒடியலை. இதை செஞ்சவன் எடைக்காக செஞ்சான்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், எடைக்குன்னா கட்டியா வார்த்துட்டுப் போயிருப்பான்.

மணிகோர்ப்பவள்:
உழைப்பு பத்தி பேசறதால இதைச் சொல்லணும். நான் கல்லு மணி துளை போட்டுப் பழகினவ, மெஷின்லதான், அப்படியிருந்தும் கார்னீலியன் (செம்மணிக்கல்) துளைக்கும்போது பொறுமை போயிடும், அவ்ளோ கடினம். சிந்து வெளி மக்கள் அந்தக் கல்லுல பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேல மெல்லிசா மணி பண்ணியிருக்காங்க. தனியா ஒரு கடினமான கல்லைத் தேடிப் பிடிச்சு, அதை சூட்டுல பக்குவப்படுத்தி, துளைக்கிற ஊசியாக்கி, வில்லு கட்டி சுத்தியிருக்காங்க. அதே மாதிரி ஊசி வச்சு செஞ்சு பாத்தப்போ மணிக்கு 2.5 மில்லிமீட்டர்தான் இறங்குச்சாம். பத்து சென்டிமீட்டர் மணின்னா துளைக்கறதுக்கு மட்டும் 40 மணி நேரம். ரெண்டு முனையிலேர்ந்தும் போட்டுக்கிட்டு வந்து நடுவுல சந்திக்கணும், கோணல் ஆச்சுன்னா மொத்தமும் வீண், சூடு ஏறினா கல்லு வெடிக்கும், அதனால தண்ணி சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே இருக்கணும்.

இப்படி செஞ்ச மணிங்க கப்பல் ஏறி மெசப்பொட்டேமியாவுக்குப் போய் 'ஊர்'ங்கற பேருள்ள பழைய நகரத்து அரச கல்லறைங்கள்ல கிடைக்குது. புவாபி ராணி போட்டிருந்த தலை அலங்காரத்துல தங்க இலை, ஆப்கானிஸ்தான் மலையிலேர்ந்து வந்த லாபிஸ் நீலக்கல், செம்மணிக்கல் எல்லாம் ஒண்ணா இருக்கு. கி.மு. 2500 வாக்குல ஒரு பொண்ணு தலையில மூணு நாலு தேசம் சேர்ந்து உக்காந்திருக்கு. அவ யாருன்னு கேக்கவே வேண்டாம், அதைப் பாத்தாலே போதும். வெண்சங்கு சொன்ன குறி இதுதானே?

ஊமத்தை:
புது உறுப்பினர், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். வெண்சங்கு சொல்றது பாதிதான் சரின்னு நினைக்கிறேன். அடுத்தவன் பாக்கறதுக்குத்தான் நகைன்னா யாருமே பாக்காத இடத்துல ஏன் போட்டாங்க? எகிப்து மன்னன் துத்தன்காமன் மம்மியைச் சுத்தின துணிக்குள்ள மட்டும் 143 பொருள் எடுத்தாங்க, 1925ல அகழாய்வாளர் கார்ட்டர் குழு பிரிச்சப்போ. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தாயத்து, ஒரு பதக்கம், ஒரு காப்பு. வெளிய ஒண்ணும் தெரியாது. ரோம்ல பையன் பொறந்தா கழுத்துல புல்லான்னு ஒரு கூடு மாதிரி தாயத்து கட்டுவாங்க, பெரியவன் ஆகற அன்னைக்குத்தான் கழட்டுவாங்க. கண்ணு வடிவத்துல கண்ணாடி மணி மத்தியதரைக் கடல் முழுக்க ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல ஓடுது. இதுக்கெல்லாம் பயம்தான் காரணம். குழந்தை செத்துடுமோ, வழியில ஏதாவது ஆயிடுமோ, செத்த பிறகு என்ன ஆகுமோங்கற பயம். வியாதிக்கு மருந்து இல்லாத காலத்துல அம்மா கையில இருந்தது ஒரு கயிறும் ஒரு மணியும்தான். இதை மூடநம்பிக்கைன்னு சொல்லி நகர முடியல என்னால.

வெண்சங்கு:
ஊமத்தை, வாங்க. நல்ல அடி அடிச்சீங்க. ஆனா தாயத்துக்கும் பாக்கற ஆள் உண்டு, அது மனுஷன் இல்ல அவ்ளோதான். கண்ணு மணி திருஷ்டியைப் பாக்குது, மம்மி துணிக்குள்ள இருக்கறதை மறுமையில இருக்கற தெய்வங்க பாக்கணும்னு வச்சிருக்காங்க.

இதோட சுங்கீர் பத்தி சொல்லணும், எனக்கு ரொம்ப முக்கியமான இடம். ரஷ்யாவுல, சுமார் 34,000 வருஷத்துக்கு முந்தினது. ரெண்டு குழந்தைங்களை தலையும் தலையும் சேர்ற மாதிரி புதைச்சிருக்காங்க, ரெண்டு பேர் மேலயும் சேத்து மாமத் யானைத் தந்தத்துல செஞ்ச மணி பத்தாயிரத்துக்கு மேல, பக்கத்துக் குழியில பெரிய ஆள் ஒருத்தருக்கு மூவாயிரம் கிட்ட. ஒரு மணி செய்யவே ஒரு மணி நேரம் பிடிக்கும்னு செஞ்சு பாத்து சொல்லியிருக்காங்க. குழந்தைங்களோட மணி, பெரியவர் மணியில மூணுல ரெண்டு பங்கு சைஸ்தான், அதாவது பெரியவங்க நகையை எடுத்துப் போடலை, அவங்க உடம்புக்குன்னே தனியா செஞ்சது. அதுல ஒரு குழந்தைக்கு தொடை எலும்பு வளைஞ்சிருக்கு, நடக்கவே சிரமப்பட்டிருக்கும். வேட்டையாடி சம்பாதிச்ச அந்தஸ்து இல்ல இது. பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல ஒரு கூட்டமே உக்காந்து வேலை செஞ்சிருக்கு, பனியில, சாப்பாடு தேடணும்ங்கற காலத்துல. கணக்கன் சார், வயிறு நிறைஞ்சவங்க பேசற பேச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு இதுதான் என் பதில்.

நீலக்கல்:
நகை ஒரு குறின்னு ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி வருது, அந்தக் குறியை யாரு முடிவு பண்றது?

கி.மு. 216ல கன்னே போர்ல கார்த்தேஜ் தளபதி ஹானிபால்கிட்ட ரோம் அடியோட தோத்துச்சு. ஹானிபாலோட தம்பி கார்த்தேஜ் சபையில போய் செத்த ரோமானியங்க விரல்லேர்ந்து கழட்டின தங்க மோதிரங்களை தரையில கொட்டி, இத்தனை மோதிரம்னா எத்தனை பெரிய மனுஷங்க செத்திருக்காங்க பாருங்கன்னு காட்டினதா ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கார். தங்க மோதிரம் எல்லாரும் போட முடியாது, அதனாலதான் அது கணக்காச்சு. அடுத்த வருஷம், கி.மு. 215ல, ரோம்ல ஓப்பியஸ் சட்டம், பொம்பளைங்க அரை அவுன்சுக்கு மேல தங்கம் வச்சுக்கக் கூடாது, நம்ம கணக்குல 14 கிராம் கிட்ட. போர் முடிஞ்சும் சட்டம் போகலை. கி.மு. 195ல பெண்கள் தெருவை அடைச்சு நின்னு, ஓட்டுப் போடப் போறவங்களை வழிமறிச்சு கேட்டாங்க. கேட்டோங்கற ரோம அரசியல்வாதி எதிர்த்துப் பேசினார், ஆனாலும் சட்டம் ரத்தாச்சு. ரத்து பண்ணச் சொன்ன வலேரியஸ் வாதம் எனக்குப் பிடிக்கும், ஆம்பளைங்களுக்கு பதவி, பூசாரி பட்டம், வெற்றி ஊர்வலம் எல்லாம் இருக்கு, பெண்களுக்கு அடையாளம்னு இருக்கறதே இந்த அலங்காரம்தான்னு. ஓட்டே இல்லாதவங்க ஊரையே நிறுத்தினது நகைக்காகன்னு சிலர் கேவலமா எழுதறாங்க, எனக்கு அது பெருமையா தெரியுது.

1363ல இங்கிலாந்துலயும் ஒரு சட்டம் வந்துச்சு, கைத்தொழில் பண்றவன், அவன் பொண்டாட்டி, பிள்ளைங்க தங்கம் வெள்ளி மோதிரம், ப்ரோச் எதுவும் போடக்கூடாதுன்னு. பணம் இருந்தாலும் கூடாது. சேமிப்புதான் நகைன்னா இந்தச் சட்டத்துக்கு என்ன வேலை?

ஊமத்தை:
அதே கழுத்துல இரும்பு வளையத்தையும் மாட்டியிருக்காங்க. ரோம்ல அடிமைக்குப் பூட்டின வளையம் ஒண்ணு மியூசியத்துல இருக்கு, தகட்டுல எழுத்து, நான் ஓடிப்போனவன், என்னைப் பிடி, என் எஜமான் ஸோனினஸ்கிட்ட திருப்பி விட்டா ஒரு தங்கக் காசு கிடைக்கும்னு. நான் யாருன்னு சொல்ற குறிதானே அதுவும்? போட்டுக்கிட்டவன் சொன்னது இல்ல, போட்டுவிட்டவன் சொன்னது.

இரவுப்பறவை:
இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

நினைவுக்காகப் போடறதை யாரும் சொல்லலையே? எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 1861ல கணவர் ஆல்பர்ட் செத்த பிறகு இங்கிலாந்து விக்டோரியா ராணி சாகற வரைக்கும் துக்க உடையை மாத்தவே இல்ல, அங்க விட்பி கடற்கரையில கிடைக்கிற ஜெட், அதாவது கோடிக்கணக்கான வருஷம் மண்ணுல கிடந்து கறுத்த மரம், அதுல செஞ்ச நகை நாடு முழுக்க பரவுச்சு. அதை விட நெருக்கமானது தலைமுடி. செத்தவங்க முடியை மெல்லிசா பின்னி லாக்கெட்டுக்குள்ள, மோதிரத்துல வச்சு போட்டுக்கிட்டாங்க. முடி அழுகாது, நிறம்கூட பெருசா மாறாது. விக்க முடியாது, அடகு வைக்க முடியாது, வேற யாருக்கும் அதுல ஒண்ணும் இல்ல.

உலைக்களம்:
தம்பி, அந்த மாதிரி பழைய லாக்கெட் ஒண்ணை ஒருத்தர் கண்ணாடி மாத்தறதுக்குக் கொண்டு வந்தாங்க. உள்ள இருந்த பின்னலை நான் கையால தொடலை, முள் இடுக்கியில எடுத்து வெள்ளைக் காகிதத்துல வச்சுட்டுத்தான் நெருப்பைப் பத்த வச்சேன். தங்கம் போனா வேற தங்கம் வைக்கலாம்.

எடை பத்தி இன்னொரு கதை, கணக்கன் சாருக்காக. 1813ல பிரஷ்யா (இப்போ ஜெர்மனி இருக்கற பக்கம் அப்போ இருந்த அரசு) நெப்போலியனை எதிர்த்துப் போர் பண்ண காசு இல்லாம தங்க நகையைக் கொடுங்கன்னு ஜனங்களைக் கேட்டுச்சு. கொடுத்தவங்களுக்கு பதிலா இரும்பு நகை, இரும்புக்காக தங்கம் கொடுத்தேன்னு எழுதின மோதிரம். அதுக்கப்புறம் ஒரு காலம் வரைக்கும் பெர்லின்ல தங்கம் போட்டுட்டு வெளிய வர்றது கூச்சம், கறுப்பு இரும்புதான் மரியாதை. இரும்பை வலை மாதிரி மெல்லிசா வார்த்திருப்பாங்க, அந்த வார்ப்பு வேலையைப் பாத்தா தட்டான் எவனுக்கும் கை பரபரக்கும்.

மணிகோர்ப்பவள்:
உலைக்களம் அண்ணா, பழைய இத்தாலியில இருந்த எட்ருஸ்கன் மக்களோட நகையில பொடி மாதிரி தங்க உருண்டை ஒட்டியிருக்கே, அதை எப்படி பத்த வச்சாங்க? பத்துப்பொடி (உருகி ஒட்ட வைக்கற உலோகப் பொடி) வழிஞ்ச அடையாளமே தெரியலையே.

உலைக்களம்:
கேட்டீங்களே, இதுக்கு நான் நாள் முழுக்க பேசுவேன். கி.மு. ஏழாம் நூற்றாண்டு வேலை, உருண்டை சிலது கால் மில்லிமீட்டர்கூட வராது. உருண்டை பண்றது கஷ்டம் இல்ல, தங்கத் துணுக்கை கரித்தூள்ல புதைச்சு சூடு பண்ணினா தானா உருண்டுக்கும். ஒட்டறதுதான் வித்தை. சாதாரணமா நாம பத்தற பொடி வச்சா அது உருகி ஓடி உருண்டைங்க நடுவுல நிரம்பிடும், எல்லாம் மொழுக்குனு ஆயிடும். 19ஆம் நூற்றாண்டுல ரோம்ல காஸ்டெல்லானி குடும்பம் தலைமுறையா முயற்சி பண்ணி கிட்ட வந்தாங்க, முழுசா பிடிபடலை. 1933ல லிட்டில்டேல்னு ஒரு ஆங்கிலேயர் ஒரு முறைக்கு காப்புரிமை வாங்கினார். செம்பு உப்பையும் பசையையும் கலந்து உருண்டையை ஒட்டணும். சூடு ஏற ஏற செம்பு உப்பு ஆக்சைடாகும், பசை கரியாகும், அந்தக் கரி செம்பு ஆக்சைடை வெறும் செம்பாக்கும், அந்த செம்பு தங்கத்தோட தொடற இடத்துல மட்டும் கலந்து, தங்கம் உருகற 1,064 டிகிரிக்கு ரொம்ப முன்னாடியே, 900 கிட்டயே இளகிப் பிடிச்சுக்கும். உருண்டை உருண்டையாவே நிக்கும். செம்புத் தாதுவும் மரப்பிசினும் வச்சு அந்தக் காலத்து ஆளுங்க இதைத்தான் பண்ணியிருப்பாங்கன்னு நான் நம்பறேன். தெர்மாமீட்டர் இல்ல, தங்கத்தோட மேல்தோல் மினுங்கற அந்த ஒரு நொடியைக் கண்ணால பாத்து நெருப்பை எடுத்திருக்காங்க.

கணக்கன்:
உழைப்பு, நினைவு, பயம் எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கவனிங்க, நாம பேசற பழைய நகையெல்லாம் எங்க கிடைச்சது? குழியில, புதையல்ல. வெளிய இருந்ததெல்லாம் எங்க போச்சு? உலைக்குப் போச்சு. 1532ல பெருவுல இன்கா மன்னன் அதாவால்பாவைப் பிடிச்சு வச்சு ஒரு அறை நிறைய தங்கம் கேட்டாங்க, வந்தது அத்தனையும் நகை, பாத்திரம், சிலை, ஸ்பெயின்காரங்க மாசக்கணக்கா உலையை அணைக்காம உருக்கி கட்டியாக்கினாங்க, மன்னனையும் கொன்னாங்க. கடைசியில நகை எடைதான்னு அங்க முடிவாச்சே. சரி, எடையும் இல்லாம, பதவிக் குறியும் இல்லாம, சாமிக்கும் இல்லாம ஒரே ஒரு நகை காட்டுங்க, நான் பேசாம இருக்கேன்.

வெண்சங்கு:
உருக்கினவனுக்கு அது எடை சார், செஞ்சவனுக்கு இல்ல. அவன் எடைன்னு நினைச்சதாலதான் உருக்க முடிஞ்சுது.

நீங்க கேட்ட நகைக்கு வர்றேன். பப்புவா நியூ கினி பக்கம் ட்ரோப்ரியாண்ட் தீவுங்க, சுத்துப்பட்டு தீவுங்க எல்லாம் சேத்து குலான்னு ஒரு பரிமாற்றம், மானிடவியல் ஆய்வாளர் மலினோவ்ஸ்கி 1915லேர்ந்து 1918 வரைக்கும் அங்க தங்கி எழுதினது. சிவப்புச் சிப்பி மாலை கடிகாரம் சுத்தற திசையில தீவு தீவா போகும், வெள்ளைச் சங்குக் கைவளையம் எதிர் திசையில வரும். மாலை கொடுத்தா வளையம் வரும், வளையம் கொடுத்தா மாலை. படகுல நடுக்கடல் தாண்டி, உயிரைப் பணயம் வச்சு போய் வாங்கிட்டு வருவாங்க, ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சுக்கிட்டா அவமானம், அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆகணும். நிறைய வளையம் சின்னப் பையன் கைக்குக்கூட நுழையாத சைஸ். போட முடியாது, விக்கறதில்ல, வச்சுக்கக் கூடாது. நல்ல வளையம்னா அதுக்குப் பேரு உண்டு, யாரு யாரு கையில இருந்துச்சுன்னு கதை உண்டு.

கணக்கன்:
இது கடன் சார்! கொடுத்தவன் பேர்ல கணக்கு நிக்குது, வாங்கினவன் திருப்பித் தந்தாகணும், தரலைன்னா மானம் போகும். நாணயம் பாத்து கொடுக்கல் வாங்கல் பண்றவங்க எல்லாரும் செய்யறது இதுதானே. போட்டுக்க முடியாத வளையத்துக்காக கடல் தாண்டறான்னா அந்த வளையத்துல அவன் வாக்கு இருக்கு, வாக்கு இருந்தா அது சொத்து.

வெண்சங்கு:
சொத்துன்னா யாரோட சொத்து? ரெண்டு வருஷம் தாண்டி எவன் கையிலயும் நிக்கலையே. எந்தத் தீவுக்காரன் எந்தத் தீவுக்காரனை நம்பலாம்ங்கறதுதான் அந்த வளையம் சொல்ற சேதி, நான் முதல் பதிவுல சொன்ன ஆள் இவன்தான், எதிரியும் இல்ல, சொந்தமும் இல்ல.

மணிகோர்ப்பவள்:
ரெண்டு பேரும் இதை நிறுத்தாதீங்க, நான் நாளைக்கு அந்தச் சிவப்புச் சிப்பி வட்டு எப்படி தேய்க்கிறாங்கன்னு விவரமா போடறேன், அதுவும் கடினமான ஓடு, நத்தை ஓடு மாதிரி குத்தினா துளை விழாது.